மாப்பிள்ளை கழுவிய கண்ணாடிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். அதில் பாதிப் பங்கு அவளுக்கும் உண்டு என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். போன சனிக்கிழமை காலையில், கட்டுப்போட்ட வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நின்றபோதே, இன்றைக்கு என் தலையில் ஏதோ விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா இல்லத்துக்குப் போயிட்டு வாங்களேன்."

"எதுக்கு? அந்தக் கண்ணாடி துடைக்கிற வேலைக்கா?"

"அதுக்குத்தான். பெரிய வேலையெல்லாம் இல்ல. வெந்நீரும் சோப்பும் அங்கேயே இருக்கு."

இல்லம் என்றால் எங்கள் சபை நடத்துகிற முதியோர் இல்லம். சனிக்கிழமைதோறும் அவள் அங்கே போய், ஆண்கள் கூடத்தில் இருக்கிற பெரியவர்களின் மூக்குக்கண்ணாடிகளைக் கழுவித் துடைத்து மாட்டிவிட்டு வருவாள். மறுநாள் ஆராதனையில் அவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாட வேண்டுமாம். இதைச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்கவில்லை. சபைக் கூட்டத்தில் தீர்மானம் எதுவும் போடவில்லை. நானோ அதே சபையில் மூப்பர். ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவன். என் குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று போதகரே கேட்டிருக்கிறார். கண்ணாடி துடைப்பதெல்லாம் ஒரு ஊழியமா என்று அவளை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். என் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி, அதையும் ஒரு துடை துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத்தான் கழுவ வேண்டும் என்று அன்று அவள் சொல்லி அனுப்பவில்லை. அதைக்கூட ஒரு மனிதனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஆண்கள் கூடம் நீளமானது. இரண்டு வரிசையில் கட்டில்கள். உயரமான ஜன்னல்கள் வழியாகக் காலை வெளிச்சம் பால் மாதிரி உள்ளே வந்து, அப்போதுதான் துடைத்த தரையில் தேங்கிக் கிடந்தது. கட்டில்கள் அந்த வெளிச்சத்தின் மேல் மிதப்பதுபோலத் தெரிந்தன. சுவர்க் கடிகாரம்கூட மெதுவாகத்தான் துடித்தது. உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஏனோ குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் தணித்துக்கொள்ளவில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்!" என்றேன், பிரசங்க மேடையில் நிற்பதுபோல.

தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு எழுந்தார்கள்.

"தங்கச்சி வரலியா?" என்று கேட்டார், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். கூடத்துக்கே அவர்தான் உத்தரவு போடுவார் என்பதால் எல்லோரும் அவரை மேயர் என்று கூப்பிடுகிறார்கள்.

"கை பிசகிடுச்சுங்க. நான் அவ வீட்டுக்காரர்."

"அட, நம்ம மாப்பிள்ளையா! டேய், மாப்பிள்ளை வந்திருக்காருடா!"

அவ்வளவுதான். என் மனைவி அவர்கள் எல்லோருக்கும் தங்கச்சி. ஆகவே நான் எல்லோருக்கும் மாப்பிள்ளை. பெண் கொடுத்த வீட்டில் ஒரு மச்சான் இருந்தாலே பாடு. எனக்கோ ஒரே காலையில் கூடம் நிறைய மச்சான்கள். மாப்பிள்ளைக்குத் தொப்பை இருக்கிறது என்றார் ஒருவர். தங்கச்சி நன்றாகத்தான் சமைத்துப் போடுகிறாள் என்றார் இன்னொருவர். எனக்கு மூக்கு நுனி சூடாகத் தொடங்கியது.

நடுக் கட்டிலில் இருந்தவர் மட்டும் கேலி பேசவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். இன்னும் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு மேலே வட்டமாக வைத்துக்கொண்டுதான் உட்காருவார். அதனால் பட்டப்பெயர் ஸ்டியரிங். கண்ணில் கறுப்புச் சட்டம் போட்ட சோடாபுட்டிக் கண்ணாடி.

"மாப்பிள்ளை, என்னோடதை மட்டும் பளிச்சுனு துடைச்சுக் குடுங்க. இன்னைக்கு எம் பொண்ணு வர்றா."

"எங்கேருந்து?"

"கடல் தாண்டி. அங்க நர்ஸா இருக்கா. இந்த ஊர்ல இறங்கி வேற விமானம் மாறணுமாம். நடுவுல கொஞ்ச நேரம் கிடைச்சிருக்கு, ஓடி வந்து பாத்துட்டுப் போறேன்னா. டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடுவா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஒரு கண்ணு போயே போச்சு. இன்னொண்ணும் கிளம்பிக்கிட்டு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த தடவை அவ வரும்போது குரலைத்தான் கேட்பேன். மூஞ்சியை இன்னைக்கே பாத்து வெச்சுக்கணும்."

"கவலைப்படாதீங்க. கண்ணாடி பளபளக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் ஒரு குளிர்பான ஆலையில் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பாட்டிலை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற ஆளை அங்கே ஒரு நாள்கூட வேலையில் வைத்துக்கொள்ள மாட்டோம். மொத்தமாக ஊறப்போடு, மொத்தமாக அலசு, மொத்தமாக உலர்த்து. அதுதான் முறை. ஆகவே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கண்ணாடிகளை வசூல் செய்தேன். அதைக் கூடத்தின் மூலையில் இருந்த தொட்டியில் கவிழ்த்து, வெந்நீரைத் திறந்துவிட்டேன். ஆவியில் என் தங்க பிரேம் கண்ணாடியும் மங்கியது. ஊரோடு ஒத்துப் போகட்டும் என்று அதையும் கழற்றி உள்ளே போட்டேன்.

நுரைக்குள் கையை விட்டுத் துழாவியபோது சுகமாக இருந்தது. ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன். எல்லாவற்றையும் அலசி, வெள்ளைத் துண்டில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். ஜன்னல் வெயில் பட்டுக் கூரையெல்லாம் சின்னச் சின்ன வெளிச்ச வட்டங்கள் ஆடின. இவள் காலை முழுக்கச் செய்கிற வேலையை நான் எவ்வளவு சுருக்காக முடித்துவிட்டேன், வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, முதல் கண்ணாடியைக் கையில் எடுத்துக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

யாருடையது இது?

பாட்டில் என்றால் எந்தப் பாட்டிலும் பாட்டில்தான். கண்ணாடி அப்படியில்லை. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டுக் கழுவினீங்க?" என்று கேட்டவள், அப்புறம் சிரிக்கத் தொடங்கினாள். கை வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"சிரிப்பு அப்புறம் இருக்கட்டும். எது யாரோடதுன்னு சொல்லு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஒருத்தர் மூக்குலேருந்து எடுப்பேன், அவர் மூக்குலயே வைப்பேன். போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டே போங்க. வேற வழியில்ல. நான் ஜெபம் பண்றேன்." ஜெபத்தைச் சிரிப்போடுதான் தொடங்கியிருப்பாள்.

டீ கொண்டுவந்த சிஸ்டர் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த ஐயாவோட பொண்ணு இப்ப வந்துடுமே!"

ஆகவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டை ஏந்தியபடி முதல் கட்டிலுக்குப் போனேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு இரண்டு முழத்துக்கு அப்பால் உலகமே கலங்கல். குனிந்து பார்த்தேன், முகம் தெளியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் ஈரத் தரையில் முழங்காலை ஊன்ற வேண்டியதாயிற்று. தாழ்மையினால் மண்டியிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வகையில் கண் தெரியவில்லை.

ஆனால் மண்டியிட்ட பிறகு எல்லாமே மாறிப்போனது. கண்ணாடி கழற்றிய முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த சின்னக் குழிகள். தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள். நான் ஒரு கண்ணாடியை எடுத்துக் காதுகளின் மேல் மெல்லப் படியவைப்பேன். அவர் கண்ணை மூடித் திறப்பார். இல்லை என்று தலையாட்டுவார். அடுத்ததை எடுப்பேன்.

"மேகத்துக்குள்ள இருக்கேன் மாப்பிள்ளை" என்றார் ஒருவர். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் விடுங்களேன்."

"எனக்கு நீங்க மரம் மாதிரி தெரியுறீங்க" என்றார் அடுத்தவர்.

வேதத்தில் ஒரு குருடன் வருகிறான். ஆண்டவர் முதல் தடவை தொட்டபோது அவனுக்கு மனிதர்கள் மரங்களாகத் தெரிந்தார்கள். இரண்டாம் தடவை தொட்ட பிறகுதான் தெளிந்தது. அந்தப் பகுதியை நான் சபை அதிர வாசித்திருக்கிறேன். அந்த விரல்கள் எவ்வளவு மெதுவாகப் பட்டிருக்கும் என்று இதுவரை யோசித்ததே இல்லை.

எந்தக் கண்ணாடி எப்படி என்று பார்க்க நானும் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல்கள் வளைந்தன. ஒன்றில் தரை எழுந்து கிட்டே வந்தது. ஒன்றில் மேயர் கூரை வரைக்கும் நீண்டார். கூடம் முழுக்க ஒருவர் கண்ணாடி இன்னொருவர் முகத்தில் இருந்தது. எல்லோரும் கைகளை நீட்டி, காற்றைத் தடவி, சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கனவுக்குள் எல்லோருமாகச் சேர்ந்து போய்விட்டதுபோல இருந்தது. ஒரு கண்ணாடி சரியாகப் பொருந்தும்போது மட்டும் ஒரு முகம் சட்டென்று விழித்துக்கொள்ளும். "ஆ! இதுதான்!" அந்தச் சத்தத்துக்காக எத்தனை கட்டில் வேண்டுமானாலும் மண்டியிடலாம். சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூப்பராகத் தேர்ந்தெடுத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

மேயர் என் தங்க பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயா, அது என்னுது."

"என்னோடது."

"கண்ணு நல்லா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல. ஆனா எனக்கு எடுப்பா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க."

எடுப்பாகத்தான் இருந்தது. அவருடைய பழைய கண்ணாடி தட்டில் அநாதையாகக் கிடக்க, கறுப்புச் சட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று கடைசிக்கு விட்டுவைத்திருந்த ஸ்டியரிங்கின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். அதோடு மீதம் இருந்தது கறுப்புச் சட்டம் போட்ட சோடாபுட்டி ஒன்று. அப்பாடா என்று அதை எடுத்து அவருக்கு மாட்டினேன்.

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "என்னுது மாதிரிதான் இருக்கு மாப்பிள்ளை. ஆனா என்னுது இல்ல. பனியில வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"உங்க மூஞ்சியே தெரியலையே." வட்டமாகப் பிடித்திருந்த கைகளை அவர் கீழே இறக்கினார். "அவ வந்துடுவாளே."

வெளியே வாசலில் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்தாச்சு!" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் பேச்சுக்கொடுத்து நிறுத்த வாசலுக்கு ஓடினாள்.

அப்படியென்றால் வேறு யாரோ அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கறுப்புச் சோடாபுட்டி இன்னும் யாரிடம் இருந்தது? மூலையில் இருந்த ஜன்னலோரக் கட்டிலில், வாட்ச்காரரிடம். கைக்கடிகாரம் பழுது பார்த்தவர் அவர். அதிகம் பேச மாட்டார். ஆரம்பத்திலேயே ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, சரியா என்று கேட்டேன். மெதுவாகத் தலையசைத்தார். நானும் நகர்ந்துவிட்டேன்.

ஸ்டியரிங்கிடமிருந்து கழற்றிய கண்ணாடியோடு ஓடிப் போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். அவர் தன் கைகளை முகத்துக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"மாப்பிள்ளை, அந்த மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே திரும்பிப் பார்த்தேன்; எனக்கு ஒரு பச்சைக் கலங்கல்தான் தெரிந்தது.

"ரொம்ப நாளா எல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு. வயசானா உலகம் இப்படித்தான் கரையும்னு நெனச்சேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? சின்ன ஸ்க்ரூ குத்தின தழும்பு இந்த விரல்ல இருக்கு, பாருங்க. இன்னும் இருக்கு!"

வாசலில் ஒரு பெண்ணின் செருப்புச் சத்தம் கேட்டது. சிஸ்டர் இங்கே பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவர் கடைசியாக ஒரு முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார். இங்கே ஒருவருக்கு இப்போதுதான் உலகம் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதைப் பறிக்கிற வேலை எனக்கு. கழற்றுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபை அதிர வாசிக்கிறவன்தான் நான். ஆண்டவரே, இதை நான் எப்படிக் கேட்பேன் என்று மனசுக்குள் கதறினேன். கையில் அவருடைய சொந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு சும்மா மண்டியிட்டிருந்தேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். கண்தான் இப்போது நன்றாகத் தெரிகிறதே.

"அது என்னுது" என்றார். "அப்ப இது யாரோடது?"

"ஸ்டியரிங்கோடதுங்க. அவர் பொண்ணு வந்துட்டா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒருமுறை மரத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்தார். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. நடந்தே வர்றேன். எல்லாரையும் ஒரு தடவை பாத்துக்கிட்டே வர்றேன்."

நடந்தோம். இரண்டு பக்கமும் கட்டில்களில் இருந்தவர்களை அவர் நின்று நின்று பார்த்தார். இவ்வளவு காலம் குரலாக மட்டும் கேட்டவர்கள். ஸ்டியரிங்கின் கட்டிலுக்கு வந்ததும் தானே கண்ணாடியைக் கழற்றினார். நான் வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. நுண்ணிய சக்கரங்களைப் பொருத்திப் பழகிய அந்த விரல்கள் கொஞ்சமும் நடுங்கவில்லை. தடவித் தடவி, ஸ்டியரிங்கின் காதுகளைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

"இந்தாங்கண்ணே. நல்லா தெரியும், பாருங்க."

கதவு திறந்தது. நீல உடையில் ஒரு பெண் வேகமாக வந்து, பாதி வழியில் தயங்கி நின்றாள்.

"உனக்கு முன்னந்தலையில நரைச்சிடுச்சேம்மா" என்றார் ஸ்டியரிங்.

"இவ்வளவு வருஷம் கழிச்சு வந்தா, அதுதாம்பா முதல்ல கண்ணுல பட்டுச்சா?" அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"எல்லாந்தான் பாக்கறேன். கொஞ்சம் பேசாம நில்லு."

வாட்ச்காரரைத் திரும்ப அழைத்துப் போய், ஜன்னலோரம் உட்காரவைத்து, அவருடைய பழைய கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவருக்கு எதிரே தரையில் நானும் உட்கார்ந்துகொண்டேன். இடுப்பு வலி என்னவாயிற்று என்று தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? சொல்லுங்க மாப்பிள்ளை."

"எனக்கும் தெரியலைங்க. என் கண்ணாடி மேயர் மூக்குல இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பனிக்குள் இரண்டு பேர். "நீலமா ஒண்ணு இருக்கு, வெள்ளையா ஒண்ணு இருக்கு" என்றேன். "ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அது போதும்" என்றார்.

அந்த நீலம் வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழுந்தது, திரும்பி வந்து ஒருமுறை குனிந்தது, கதவின் வெளிச்சத்தில் கரைந்து போனது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பயந்துகொண்டேதான் ஸ்டியரிங்கிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியால் ஒரு துடை துடைத்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொண்டுபோய் அவர்கிட்டக் குடுங்க."

"உங்களுக்கு?"

"நான் பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. அவருக்குத்தான் இன்னும் நிறைய பாக்கி இருக்கு. கண் டாக்டரைக் கூட்டிட்டு வந்து அவருக்குப் புதுசு போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் இது அங்கேயே இருக்கட்டும்."

"திங்கக்கிழமையே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கூடத்தின் நீளத்தை நடந்தேன். ஆலயத்தில் எதையெல்லாமோ ஏந்திக்கொண்டு பவனி போயிருக்கிறேன். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று இவ்வளவு பயத்தோடும் மகிழ்ச்சியோடும் எதையும் ஏந்தியதில்லை.

மண்டியிட்டு வாட்ச்காரருக்கு மாட்டிவிட்டேன். மரத்தைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கூடத்தின் நடுவே, வெறும் முகத்தோடு, தலையணையில் சாய்ந்திருந்த அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மாப்பிள்ளை" என்றார் மெதுவாக. "கண்ணை மூடிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்காரு."